மரத் தவளை

விரால் மீன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாம்பைப் போன்ற தலை. உருண்டு நீண்ட உடம்பு. கையில் பிடித்தால் வழுக்கும். சந்தையில் இதை உயிரோடு விற்பார்கள். மற்ற மீன்கள் கரைக்கு வந்த சிறிது நேரத்தில் செத்துப்போகும். விரால் சாகாது. ஏன்?

அது செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. அடிக்கடி நீரின் மேல்மட்டத்துக்கு வரும். வாயால் காற்றை விழுங்கும். பிறகு கீழே போய்விடும். மேலே வந்து போகிற மீன், மேலே நடப்பதையும் கவனிக்கும். ஒரு தவளை நீந்திப் போனால் போதும். கீழே இருந்து பாய்ந்து கவ்விவிடும்.

கேரளத்தில் குட்டநாடு என்ற பகுதி இருக்கிறது. ஆலப்புழையைச் சுற்றி உள்ள பகுதி. அங்கே வயல் தாழ்வாகவும் தண்ணீர் உயரமாகவும் இருக்கும். கடல் மட்டத்துக்கும் கீழே உள்ள நிலம் அது. சுற்றிலும் வரப்பு கட்டி, தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு நெல் விதைக்கிறார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். வாய்க்கால் முழுவதும் ஆகாயத்தாமரை. அதன் அடியில் விரால். அங்கே அதை 'வரால்' என்பார்கள்.

முன்பு அங்கே உயிருள்ள தவளையை முள்ளில் குத்தி வீசுவார்கள். தவளை துடிக்கும். விரால் பாயும். இது கொடுமை என்பது ஒரு பக்கம். இழப்பு என்பது இன்னொரு பக்கம். வயலில் உள்ள பூச்சிகளைத் தின்பது தவளை. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக் கால் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி ஆனது. வயல்களில் தவளை குறைந்தது. 1987-ஆம் ஆண்டு இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. வயலில் வாழும் பெரிய தவளையைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மரத்தில் தவளை செய்தால்? விரால் அதையும் கவ்வும். இன்று கேரளத்தில் பலர் வீட்டிலேயே அதைச் செய்கிறார்கள். எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

என் முதல் தவளை

நான் வேலைக்காகச் சில காலம் குட்டநாட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு தச்சர் இருந்தார். வள்ளம் செய்கிறவர். வள்ளம் என்றால் படகு. நான் அவரைச் 'சேட்டா' என்று கூப்பிடுவேன். 'அண்ணா' என்பதற்கு அங்கே அதுதான் சொல். அவர் என்னை 'மோனே' என்பார். 'மகனே' என்று பொருள்.

நானே ஒரு மரத் தவளை செய்தேன். மூன்று நாள் உழைத்தேன். பச்சை முதுகு, மஞ்சள் கோடு, கருப்புக் கண். ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள்.

வாய்க்காலில் வீசினேன். தவளை புரண்டு மல்லாந்து கிடந்தது. மேலே இருக்க வேண்டிய முள் கீழே தொங்கியது. இழுத்ததும் ஆகாயத்தாமரையின் வேரில் மாட்டியது. எப்படியோ விடுவித்து மறுபடியும் வீசினேன். மறுபடியும் மாட்டியது. ஒரு மணி நேரத்தில் முதுகில் இருந்த வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் தொட்டேன். தோல் போல உரிந்து வந்தது. உள்ளே மரம் ஊறிப்போய் இருந்தது.

சேட்டாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மோனே, வரால் கீழே இருந்துதானே பார்க்கும்?"

"ஆமாம் சேட்டா."

"அப்படியானால் அது வயிற்றைத்தான் பார்க்கும். நீ மூன்று நாளும் முதுகுக்கு வண்ணம் அடித்திருக்கிறாய்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு, வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஓர் இருண்ட நிழல்தான் தெரியும். அந்த நிழல் எப்படி மிதக்கிறது, எப்படி அசைகிறது என்பதுதான் அதற்கு முக்கியம். என் தவளையில் இரண்டு தவறுகள் இருந்தன. எடையைச் சரியான இடத்தில் வைக்கவில்லை. தண்ணீர் உள்ளே போகாமல் மரத்தை அடைக்கவில்லை. இந்த இரண்டையும் சரியாகச் செய்தால், வண்ணம் சுமாராக இருந்தாலும் மீன் வரும்.

எந்த மரம்?

எடை குறைந்த மரம் வேண்டும். செதுக்கும்போது பிளக்கக் கூடாது. தேக்கு வேண்டாம். கனமாக இருக்கும், விலையும் அதிகம்.

ஏழிலைப்பாலை நல்ல மரம். ஒரு கணுவில் ஏழு இலை வரை சுற்றி நிற்கும். மரம் மெத்தென்று இருக்கும். முன்பு பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பலகையை இந்த மரத்தில் செய்தார்கள். இதன் தாவரவியல் பெயர் ஆல்ஸ்டோனியா ஸ்காலாரிஸ். ஸ்காலாரிஸ் என்றால் பள்ளியைச் சேர்ந்தது என்று பொருள். நாம் எழுதப் பழகியதற்கும் இந்த மரத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது!

கல்யாண முருங்கையும் ஆகும். தீக்குச்சி செய்யும் பெருமரமும் ஆகும்.

பொம்மை செய்கிறவர்களும் இப்படிப்பட்ட மரங்களைத்தான் தேடுவார்கள். ஆந்திரத்தில் கொண்டப்பள்ளிப் பொம்மைகள் பெயர் பெற்றவை. தெல்ல பொனிக்கி என்ற லேசான மரத்தில் அவற்றைச் செய்கிறார்கள். கை, கால் துண்டுகளைத் தனியாகச் செதுக்கி ஒட்டுகிறார்கள். எதனால் ஒட்டுகிறார்கள்? புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த கூழால். பிறகு சுண்ணாம்பு பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள். கொலுவில் வைக்கும் பொம்மைக்கு அது போதும். நம் தவளை தண்ணீரில் வாழ வேண்டியது. புளியங்கொட்டைப் பசை தண்ணீரில் கரைந்துவிடும். மரம் ஒன்றுதான். மேல்பூச்சுதான் வேறு.

பச்சை மரத்தில் செய்யாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். மரம் உலர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? வாரம் ஒரு முறை தராசில் வைத்து எடையை எழுதிவையுங்கள். போன வார எடையும் இந்த வார எடையும் ஒன்றாக இருந்தால் உலர்ந்துவிட்டது.

உடலைச் செதுக்குதல்

6 சென்டிமீட்டர் நீளம், 2.5 சென்டிமீட்டர் கனம் உள்ள துண்டு போதும். மரத்தின் நார் தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் உடைந்துவிடும்.

கத்தியால் முட்டை வடிவமாகச் செதுக்குங்கள். வால் பக்கம் ஒடுங்கட்டும். முகத்தைக் கொஞ்சம் குழிவாக வெட்டுங்கள். இழுக்கும்போது அந்தக் குழி தண்ணீரைத் தள்ளும். 'ப்ளக்' என்று சத்தம் வரும். விராலுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

முதலில் சொரசொரப்பான உப்புத்தாள். அடுத்து நைசான உப்புத்தாள். நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள்.

அடுத்து வயிற்றின் நடுவில், தலை முதல் வால் வரை, ஆக்சா பிளேடால் ஒரு பிளவு போடுங்கள். ஆழம் பாதி உடம்பு வரை இருக்கட்டும். இதற்குள் 1 மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி போகும். முன்னால் கம்பியை வளைத்து முறுக்கி ஒரு வளையம் செய்யுங்கள். அதில்தான் நைலான் நரம்பைக் கட்டுவோம். பின்முனையை இரட்டை முள்ளின் கண்ணில் நுழைத்து முறுக்குங்கள். முள்ளின் தண்டும் பிளவுக்குள் இருக்கட்டும். முள்முனை இரண்டும் வாலுக்குப் பின்னே மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். முதுகுக்கும் முனைக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

சிலர் மரத்தில் திருகாணி வளையத்தை மட்டும் திருகிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெத்தென்ற மரம் திருகாணியைப் பிடித்து வைக்காது. கம்பி முழு உடம்பிலும் ஓடினால், மரம் உடைந்தாலும் மீன் போகாது.

இப்போது எதையும் ஒட்ட வேண்டாம். பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.

எடை: ஒரு சின்னக் கணக்கு

வயிற்றில் எடை வைக்க வேண்டும். பலர் ஈயத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சமையல் அடுப்பில், சமையல் கரண்டியில் ஈயம் உருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஈயத்தின் புகையும் தூளும் நஞ்சு. அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. அதனால்தான் பயப்பட வேண்டும்.

சைக்கிள் கடைக்குப் போங்கள். கால் அங்குல பால்ஸ் கேளுங்கள். பழையது கூடப் போதும். ஒரு பால்ஸ் ஏறக்குறைய 1 கிராம். இரும்பு ஈயத்தைவிட லேசானது. அதனால் ஒரே எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். நம் தவளையின் வயிற்றில் இடம் இருக்கிறது. கவலை இல்லை.

எத்தனை பால்ஸ்? ஒரு டம்ளரைத் தட்டில் வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தவளையை ஓர் ஊசியால் குத்தி முழுவதும் அமுக்குங்கள். சட்டென்று எடுத்துத் துடைத்துவிடுங்கள். தட்டில் வழிந்த தண்ணீரை, மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியால் அளந்து பாருங்கள். 20 மில்லி வழிந்தது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லி தண்ணீரின் எடை 20 கிராம். தவளையின் மொத்த எடை 20 கிராமைத் தாண்டினால் மூழ்கும்.

மரம் 8 கிராம். முள்ளும் கம்பியும் 4 கிராம். பின்னால் வரப்போகும் பசை, வார்னிஷ், பெயின்ட் 2 கிராம். கூட்டினால் 14. இருபதில் பதினான்கு போனால் 6 மிச்சம்.

ஆறு பால்ஸும் வைக்கலாமா? கூடாது. தவளை தண்ணீருக்குள் தொங்கும். மூன்று போடுவோம். மொத்தம் 17 கிராம். முதுகு வெளியே தெரிய மிதக்கும். உங்கள் மரம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும். அளந்து பார்த்துப் போடுங்கள்.

எங்கே வைப்பது? கம்பியையும் முள்ளையும் பொருத்துங்கள். பால்ஸை ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளில் மடித்து, ரப்பர் பேண்டால் வயிற்றோடு கட்டுங்கள். வாளித் தண்ணீரில் விடுங்கள். மூக்கு சற்றுத் தூக்கி, வால் சற்றுத் தாழ்ந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பால்ஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு தவளையைக் கையால் மல்லாத்திவிடுங்கள். தானே புரண்டு நிமிர வேண்டும். நிமிர்ந்தால் அந்த இடத்தில் பேனாவால் குறி போடுங்கள். அங்கே டிரில்லால் துளை போடுங்கள். துளைகள் அடிவயிற்றில் இருக்கட்டும். மேலே போனால் மறுபடியும் மல்லாக்கும்.

என் முதல் தவளைக்கு இந்த வாளிச் சோதனையை நான் செய்யவே இல்லை.

மரத்தை அடைத்தல்

மரத்தின் நார் என்பது மெல்லிய குழாய்க் கட்டு. மரம் உயிரோடு இருந்தபோது அந்தக் குழாய்களில்தான் தண்ணீர் ஏறியது. வெட்டிய பிறகும் குழாய்கள் திறந்தே இருக்கின்றன. தலையிலும் வாலிலும், துளையின் உள்ளேயும் அவற்றின் வாய் இருக்கிறது. தண்ணீர் போனால் மரம் உப்பும். காய்ந்த பெயின்ட் அதோடு சேர்ந்து விரியாது. வெடிக்கும்.

வார்னிஷ் ஒரு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு. இரண்டையும் ஒரு பழைய டப்பாவில் கலக்குங்கள். பிளவும் துளையும் போட்ட தவளையை, கம்பி இல்லாமல், அதில் முழுவதும் அமுக்குங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் வரும். மரத்துக்குள் இருந்த காற்று வெளியே வருகிறது. அந்த இடத்துக்கு வார்னிஷ் உள்ளே போகிறது. குமிழி நிற்கும் வரை பொறுத்திருங்கள். பிறகு எடுத்து வடித்து, நூலில் கட்டி ஒரு நாள் தொங்கவிடுங்கள். நைசான உப்புத்தாளால் தேயுங்கள். டர்பன்டைன் கலக்காத முழு வார்னிஷில் இன்னும் இரண்டு முறை பூசுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் காயட்டும்.

சேட்டா இதற்கு வார்னிஷ் வாங்க மாட்டார். வள்ளத்துக்குப் பூசும் எண்ணெயையே பூசுவார். மீன் எண்ணெயும் முந்திரி ஓட்டு எண்ணெயும் கலந்தது. மரத்துக்கு நல்ல காப்பு. ஆனால் முந்திரி ஓட்டு எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போடும். பழக்கம் இல்லாதவர்கள் தொட வேண்டாம். நாற்றமும் லேசானது அல்ல!

இந்த வேலையை வாசலில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு கூடாது. வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து, தானாகவே தீப்பிடிக்கலாம். துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

இனி ஒட்டலாம். இரண்டு குழாயாக வரும் அரால்டைட் போன்ற பசையைச் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். பால்ஸை வைத்து அடையுங்கள். கம்பியையும் முள்ளின் தண்டையும் பிளவில் வைத்து, பிளவு நிரம்பப் பசையை விடுங்கள். ஒரு நாள் காயட்டும். மேடாக இருந்தால் தேய்த்துவிடுங்கள்.

பெயின்ட் அடிக்க இன்னும் நேரம் வரவில்லை. தவளையை வாளியில் மிதக்கவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். இரவு முழுவதும் மிதக்கட்டும். காலையில் கோட்டைப் பாருங்கள். கோடு தண்ணீர் மட்டத்திலேயே இருந்தால் நல்லது. தண்ணீருக்குள் இறங்கி இருந்தால், எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் முள் வெளியே வரும் இடத்தில்தான் இருக்கும். நிழலில் பல நாள் உலர்த்தி, அந்த இடத்தை மறுபடியும் அடையுங்கள்.

வண்ணம்

முதலில் வெள்ளை எனாமல், மெல்லியதாக ஒரு பூச்சு. காய்ந்ததும் லேசாகத் தேயுங்கள். பிறகு வயிற்றுக்கு மங்கலான மஞ்சள், முதுகுக்குப் பச்சையோ பழுப்போ. முதுகில் பளிச்சென்று ஒரு ஆரஞ்சுப் பொட்டு வையுங்கள். அது மீனுக்கு இல்லை, உங்களுக்கு. ஆகாயத்தாமரை நடுவில் தவளை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே! கடைசியாக வார்னிஷ், மெல்லியதாக மூன்று பூச்சு. தடியாக ஒரே பூச்சுப் பூசினால் மேலே மட்டும் காயும், உள்ளே காயாது.

வீட்டில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவை எடுக்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்குள், இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதி வந்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. புதிய சின்ன டப்பா வாங்குங்கள். டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். உங்களால் முடியும்.

கால்களுக்குச் சைக்கிள் டியூபை மெல்லிய கீற்றாக வெட்டி, வாலில் நூலால் கட்டிவிடுங்கள்.

எங்கே வீசக் கூடாது

முள்முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். சிறு மீன் மாட்டினால் அதிகக் காயமில்லாமல் விடலாம். உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாக வரும். ஆழமாக ஏறிவிட்டால் இழுக்காதீர்கள். மருத்துவரிடம் போய் எடுத்து, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

ஒருநாள் வாய்க்காலில் தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு கூட்டம் கொதிப்பதைப் பார்த்தேன். "சேட்டா, அது என்ன?" என்று கேட்டுக்கொண்டே கோலை ஓங்கினேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

அவை விரால் குஞ்சுகள். சிறியதாக இருக்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாகத் திரியும். காற்று விழுங்க எல்லாம் சேர்ந்து மேலே வரும். அவற்றின் அடியில் பெரிய விரால் காவல் இருக்கும். அந்த நேரத்தில் அது பசிக்காகக் கவ்வுவதில்லை. குஞ்சுகளின் பக்கம் எது வந்தாலும் அடிக்கும். அங்கே மரத் தவளையை வீசினால் மீன் மாட்டுவது ஏறக்குறைய நிச்சயம். சிலர் அதற்காகவே குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள். காவல் போனதும் மற்ற மீன்கள் வந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டமே போகும்.

"வேறு இடம் பார்க்கலாம் மோனே," என்று சொல்லி, சேட்டா வள்ளத்தைத் திருப்பினார். அன்று எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு வாய்க்காலில் என் இரண்டாவது தவளையை வீசினேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து மிதந்தது. ஆகாயத்தாமரையின் மேல் ஏறி இறங்கி வந்தது. மூன்றாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது.

மீனை எடுத்த பிறகு தவளையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். விராலின் பல் பட்டு வண்ணத்தில் கீறல் விழுந்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால், நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு, அதன்மேல் ஒரு துளி வார்னிஷ் வையுங்கள். முள்முனைகளில் ஒரு தக்கையைக் குத்தி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடாதீர்கள்.